நெடுங்கடலுக்கு எந்தப் படகு?

(கொடுங்கையூரில் பொதுமக்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



1938 ஆகஸ்டு 1. அமெரிக்காவின் கிழக்குக் கரையில், மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கிளாஸ்டர் துறைமுகத்துக்கு இரண்டு பாய்மரங்கள் கொண்ட மரக்கப்பல் ஒன்று வந்து சேர்ந்தது. கிளாஸ்டர் பாய்க்கப்பல்களால் பிழைத்த ஊர். ஒரு கப்பல் வருவது அங்கே செய்தியே அல்ல. ஆனால் இந்தக் கப்பல் பாஸ்டன் நாளேட்டில் இடம்பிடித்தது. அதைக் கட்டியவர்கள் யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறைத் தச்சர்கள். சூயஸ் கால்வாயையும் மத்தியதரைக் கடலையும் அட்லாண்டிக்கையும் தாண்டி அதை ஓட்டிவந்தவர்களில் தண்டையல் (கப்பல் தலைவர்) தம்பிப்பிள்ளையும் அவருடைய ஊர்க்காரர்களும் இருந்தார்கள். கப்பலின் பிறந்த ஊர்ப் பெயர் அன்னபூரணி அம்மாள். விற்றபின் அதற்கு ஃப்ளோரன்ஸ் சி. ராபின்சன் என்று பெயர் மாறியது.

வாங்கியவர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன். பொழுதுபோகாத செல்வந்தர் ஒருவர் அழகுப் பொருளாக வாங்கிய கதை அல்ல இது. 1928 முதல் 1931 வரை 32 அடி நீளமே உள்ள ஸ்வாப் என்ற படகில் உலகத்தைச் சுற்றிவந்தவர் அவர். அவ்வளவு சிறிய படகில் அதுவரை யாரும் உலகைச் சுற்றியதில்லை என்று அன்றைக்குப் பேசினார்கள். படகு கட்டும் பட்டறையும் பின்னாளில் நடத்தினார். மரம் எங்கே உளுத்துப்போகும், கயிறு எங்கே அறும் என்று கையால் அறிந்த ஒருவர், 90 அடிக்குச் சற்றே குறைந்த ஒரு தமிழ்ச் சரக்குத் தோணியைத் தேர்ந்தெடுத்தார். 1942இல் தமக்கென்று வருவா என்ற 70 அடிப் படகைக் கட்டிக்கொண்டபோதும் அதே பிரிகன்டைன் பாயமைப்பைத்தான் அதற்கு வைத்தார். முன்மரத்தில் குறுக்குப் பாய், பின்மரத்தில் நெடுக்குப் பாய் என்பது அந்த அமைப்பு.

காற்றை மட்டும் நம்பி ஆயிரக்கணக்கான கடல் மைல் போகப் புறப்படும் ஒருவர் எந்தப் படகைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது இன்றைய பேச்சு. கொடுங்கையூரில் இதைப் பேச என்ன தேவை என்று சிலர் நினைக்கலாம். இங்கிருந்து காசிமேடு மீன்பிடித் துறைமுகம் சில கிலோமீட்டர்தான். இந்தப் பகுதியில் வெல்டிங் தெரியாத தெரு இல்லை. லேத் பட்டறை இல்லாத சாலை இல்லை. காசிமேட்டில் ஃபைபர் படகு பழுதுபார்க்காத நாள் இல்லை. நெடுங்கடல் படகுக்கு வேண்டிய அறிவில் பெரும்பங்கு இந்த வேலைகளில்தான் இருக்கிறது. இன்னொரு பங்கு கடலையும் காற்றையும் பற்றியது. அதுவும் இந்தக் கரைக்கு அந்நியமல்ல.

முதலில் கேட்க வேண்டியது படகைப் பற்றிய கேள்வியே அல்ல. எந்தக் கடலுக்குப் போகிறோம்?

வடசென்னையே இதற்குச் சாட்சி. 1876இல் சென்னையில் துறைமுகச் சுவர் எழுப்பத் தொடங்கினார்கள். 1881இல் அடித்த புயல் கட்டியதில் பெரும்பகுதியைப் பெயர்த்துப் போட்டது. துறைமுகம் நிலைபெறும்வரை கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். ஆளையும் சரக்கையும் மசூலாப் படகுகள் அலைதாண்டிக் கரைசேர்க்கும். மசூலாவில் ஆணியே கிடையாது. பலகைகளைத் தென்னங்கயிற்றால் சேர்த்துத் தைத்திருப்பார்கள். அலை தூக்கி மணலில் அடிக்கும்போது ஆணியடித்த படகு பிளந்துவிடும். தைத்த படகு நெளிந்து கொடுத்துக் கரையேறும். தண்ணீர் கசியும். கசிந்தால் இறைத்துக்கொள்ளலாம். கரைக்கும் கப்பலுக்கும் இடையே உள்ள சில நூறு கெஜத்துக்கு அதைவிடச் சிறந்த படகு இல்லை. அதையே எடுத்துக்கொண்டு அந்தமானுக்குப் போக முடியாது.

கொடுங்கையூருக்குக் கிழக்கே ஓடும் பக்கிங்காம் கால்வாயில் ஒரு காலத்தில் உப்பும் விறகும் அரிசியும் ஏற்றிவந்த படகுகளுக்கு அடிப்பாகம் தட்டையாக இருந்தது. ஆழமில்லாத தண்ணீருக்கு அதுதான் பொருத்தம். காற்று அடித்தால் பாய், காற்று நின்றால் கரையிலிருந்து கயிறு கட்டி இழுப்பார்கள். அந்தப் படகையும் கடலில் விட்டால் முதல் பெரிய அலையிலேயே கவிழும். ஆக, நல்ல படகு என்று பொதுவாக எதுவும் கிடையாது. இந்தத் தண்ணீருக்கு நல்ல படகு என்று ஒன்று உண்டு.

நம் வங்கக் கடலையே எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து போர்ட் பிளேர் கடல்வழியாக ஏறக்குறைய 1,370 கிலோமீட்டர். சராசரியாக 5 நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 9 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக, இரவும் பகலும் ஓடும் ஒரு படகு நாளொன்றுக்கு 220 கிலோமீட்டர் போகும். ஆறு நாளுக்குக் கொஞ்சம் கூடுதலான பயணம். பொங்கலுக்குப் பிறகு கடல் அடங்கியிருக்கும்போது இதற்கு நடுத்தரமான படகு போதும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலத்தில் எவ்வளவு பெரிய படகும் போதாது. 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் கரையேறிய அன்று இந்த ஊர் பட்ட பாட்டை யாரும் மறந்திருக்க முடியாது. அந்தக் காற்றை நடுக்கடலில் சந்திக்காமல் நாளைத் தேர்ந்தெடுப்பதும் படகுத் தேர்வின் ஒரு பகுதிதான். வாடைக்கு ஒரு திட்டம், கச்சான் என்னும் மேல்காற்றுக்கு ஒரு திட்டம் என்று வைத்துக்கொண்டுதான் வல்வெட்டித்துறைத் தோணிகள் ரங்கூன் வரை போய்வந்தன.

உலகைச் சுற்ற விரும்புகிறவருக்கு இரண்டு வழிகள். நிலநடுக்கோட்டை ஒட்டிய வெப்பக் கடல்களில், ஆண்டில் பல மாதம் ஒரே திசையில் சீராக வீசும் வணிகக் காற்றைப் பிடித்துக்கொண்டு தீவு தீவாகப் போவது ஒரு வழி. ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, தென்னமெரிக்கா ஆகிய மூன்றின் தென்முனைகளையும் சுற்றிக்கொண்டு தென்கடலில் போவது மற்றொன்று. தென்கடலில் காற்றைத் தடுக்க நிலமே கிடையாது. அங்கே கிளம்பும் அலை பூமியைச் சுற்றிக்கொண்டே வளரும். முதல் வழிக்கு ஏற்ற படகு இரண்டாவது வழியில் உயிரை வாங்கிவிடும்.

அடுத்தது நீளம். பலரும் முதலில் கேட்பது இதைத்தான். பெரிய படகு வேகமாகப் போகும் என்பது உண்மை. ஆனால் எவ்வளவு வேகமாக என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. நீரைத் தொட்டுக்கொண்டிருக்கும் பகுதியின் நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால், கனமான ஒற்றையுடல் படகு சிரமமில்லாமல் எட்டக்கூடிய உச்ச வேகம் நாட் கணக்கில் கிடைக்கும். 25 அடிக்கு 6.7 நாட். 49 அடிக்கு 9.4 நாட். நீளம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும்போது வேகம் நூற்றுக்கு நாற்பதுதான் கூடுகிறது. விலையும், பாயின் எடையும், நங்கூரத்தின் எடையும் அந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. அவை பல மடங்கு ஏறிவிடும். இரவு இரண்டு மணிக்குக் காற்று திடீரென்று ஏறுகிறது, கூட வருகிறவர் காய்ச்சலில் படுத்திருக்கிறார், பாயை ஒருவரே சுருக்க வேண்டும் என்ற நிலையில் தன் உடல்பலத்துக்கு அடங்குகிற பாய் எதுவோ அதுதான் சரியான அளவு. ஒருவரோ இருவரோ போகும் பயணங்களுக்கு 32 முதல் 40 அடி என்ற அளவை அனுபவசாலிகள் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான். 1985இல் புறப்பட்டு 1987 ஜனவரியில் உலகச் சுற்றை முடித்த நம் ராணுவப் பொறியாளர் படையின் திரிஷ்ணா 37 அடி. 1895 முதல் 1898 வரை முதன்முதலாகத் தனியொருவராக உலகைச் சுற்றிய ஜோஷுவா ஸ்லோகமின் ஸ்பிரே 36 அடி 9 அங்குலம்.

ஸ்லோகமின் படகைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது வயல்வெளியில் ஏற்றிவைத்திருந்த ஒரு பழைய, உளுத்த படகு. அது அவருக்கு இலவசமாகவே கிடைத்தது. கிடைத்ததும் ஒவ்வொரு பலகையாகப் பிரித்து, ஓக் மரத்தைத் தானே வெட்டி, வளைத்து, 13 மாதம் வேலைபார்த்துப் புதிதாக்கினார். பொருட்செலவு 553 டாலர். கடலில் போய்ப் பார்த்தபிறகு பாயமைப்பு சரியில்லை என்று தோன்றவே, பயணத்தின் நடுவிலேயே பின்புறத்தில் ஒரு சிறு பாய்மரத்தைக் கூட்டிக்கொண்டார். சுக்கானைக் கட்டிவிட்டுப் படுத்தால் நாள்கணக்கில் நேராகப் போகும் படகாக அது மாறியது. அந்தப் படகில் அவர் கை படாத பலகை இல்லை. அதனால் நடுக்கடலில் அவருக்குத் தெரியாத குறையும் அதில் இல்லை.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு 1968க்கு வருவோம். நிற்காமல், யார் உதவியும் இல்லாமல், தனியாக உலகைச் சுற்றுவதற்கான கோல்டன் குளோப் பந்தயம் அந்த ஆண்டு நடந்தது. ஒன்பது பேர் புறப்பட்டார்கள். முடித்தவர் ஒருவர்: ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், 312 நாளில். அவருடைய படகு சுஹைலி 32 அடி. பம்பாயில் கொலாபா பட்டறையில் இந்தியத் தச்சர்கள் தேக்கு மரத்தில் கட்டியது. அந்த வரைபடம் அவர் கேட்டு எழுதியதுகூட அல்ல. வேறொன்றைக் கேட்டு எழுதப் போய், பழைய நார்வே மீட்புப் படகு பாணியில் அமைந்த ஒரு வரைபடம் வந்து சேர்ந்தது. காத்திருக்க நேரமில்லாமல் அதையே கட்டினார்கள். பருத்த வயிறு, இருபுறமும் கூர்ந்த முனை, மெதுவான ஓட்டம். பந்தயத்துக்குச் சற்றும் பொருத்தமில்லாத படகு. ஆனால் அதே படகில் அவர் ஏற்கெனவே பம்பாயிலிருந்து லண்டன் வரை போயிருந்தார். அட்லாண்டிக்கில் பலகை இடுக்கில் தண்ணீர் கசிந்தபோது எந்த இடுக்கு என்று அவருக்குத் தெரிந்தது. கடலுக்குள் முங்கிப் பஞ்சை வைத்துத் திணித்து, மேலே தகடு அடித்து அடைத்தார்.

அதே பந்தயத்தில் டொனால்டு குரோஹர்ஸ்ட் என்பவர் மூன்றுடல் படகு ஒன்றை அவசர அவசரமாகக் கட்டச்செய்தார். வரைபடத்தில் அது சுஹைலியைவிட மிக வேகமான படகு. கடலில் ஓட்டிச் சரிபார்க்க நேரம் இல்லை. 1968 அக்டோபர் 31, அனுமதிக்கப்பட்ட கடைசி நாளில், வேலை முடியாத படகோடு புறப்பட்டார். கசிவும் பழுதும் அவரை அட்லாண்டிக்கைவிட்டு வெளியே போகவிடவில்லை. உலகைச் சுற்றுவதாகப் பொய்யான இடங்களைத் தந்தியில் அறிவித்துக்கொண்டே இருந்தார். 1969 ஜூலையில் ஆளில்லாமல் மிதந்த படகைத்தான் கண்டெடுத்தார்கள். வேகமான புதுப் படகைவிட, பழகிய மெதுவான படகு மேல் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை.

பந்தயத்தின் ஐம்பதாம் ஆண்டு நினைவாக 2018இல் அதே பழைய முறையில் மீண்டும் பந்தயம் வைத்தார்கள். ஜிபிஎஸ் கிடையாது, சூரியனையும் விண்மீனையும் கருவியால் அளந்துதான் இடம் காண வேண்டும். படகு 32 அடியிலிருந்து 36 அடிக்குள் இருக்க வேண்டும். படகின் அடியில் நெடுக ஓடும் ஏரா நீளமானதாக, சுக்கான் அதன் பின்விளிம்பில் பொருத்தப்பட்டதாக இருக்க வேண்டும். இந்த விதியைச் சற்று விளக்க வேண்டும். இன்றைய பல படகுகளில் ஏரா என்பது அடியில் தொங்கும் குறுகிய, ஆழமான சிறகு. திருகாணிகளால் உடலோடு முடுக்கப்பட்டது. சுக்கான் தனியே தொங்கும். படகு விரைவாகத் திரும்பும், காற்றை எதிர்த்தும் நன்றாக ஏறும். ஆனால் மிதக்கும் மரத்திலோ பாறையிலோ மோதினால் அந்தத் திருகாணிகளும் சுக்கான்தண்டும்தான் முதல் அடியை வாங்கும். 2014 மே மாதம் சீக்கி ரஃபிக்கி என்ற படகு அட்லாண்டிக்கில் ஏராச் சிறகு கழன்று கவிழ்ந்தது. அதில் இருந்த நால்வரும் இறந்தார்கள். நீள ஏரா உடலோடு ஒன்றாக வார்த்தது. கழல்வதற்கு எதுவும் இல்லை, சுக்கானும் அதன் மறைவில் பத்திரமாக இருக்கும். வேகம் குறைவு. ஈயத்தின் எடை அடியில் இருப்பதால் தலைகீழாகப் புரண்டாலும் படகு தானே நிமிர்ந்துகொள்ளும்.

நிமிரும், ஆனால் பாய்மரம் மிஞ்சுமா என்பது வேறு கேள்வி. இந்தியக் கடற்படையின் அபிலாஷ் டோமி அந்தப் பந்தயத்தில் துரியா என்ற படகில் போனார். கோவாவில் சுஹைலியின் அச்சாகக் கட்டப்பட்டது துரியா. 2018 செப்டம்பர் 21, பெர்த் நகருக்கு மேற்கே 1,900 கடல் மைல் தொலைவில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில், மணிக்கு 130 கிலோமீட்டர் காற்றில் படகு புரண்டது. பாய்மரம் முறிந்தது. அவருடைய முதுகெலும்பும் முறிந்தது. மூன்று நாள் அசைய முடியாமல் கிடந்தவரை ஒசிரிஸ் என்ற பிரெஞ்சுக் கப்பல் மீட்டது.

அந்தப் பந்தயத்தை வென்றது ரஸ்லர் 36 என்ற வகைப் படகு. வென்றவர் 73 வயது ழான்-லுக் வான் டென் ஹீட். அவர் செய்த ஒரு காரியம் கவனிக்கத்தக்கது: புறப்படும் முன்பே பாய்மரத்தின் உயரத்தைக் குறைத்துக்கொண்டார். வேகத்தில் கொஞ்சம் போகும். புரண்டால் மரம் நிற்க வாய்ப்பு கூடும். தென்கடலில் அவர் படகும் சாய்ந்து விழுந்தது. மரத்தைத் தாங்கும் கம்பிகளின் பிடிப்பு தளர்ந்தது. மரத்தில் ஏறிச் சரிசெய்துகொண்டு, 211 நாளில் ஊர் திரும்பினார். அதே பந்தயத்தில் அதே ரஸ்லர் 36 வகைப் படகில் போன சூசி குடால், தென்னமெரிக்காவின் ஹார்ன் முனைக்கு மேற்கே அலை படகைத் தலைகுப்புறப் புரட்டியதில் பாய்மரத்தை இழந்து, சரக்குக் கப்பலால் மீட்கப்பட்டார். ஒரே வரைபடம், ஒரே கடல், இரண்டு முடிவுகள். படகின் வகைப்பெயரை மட்டும் பார்த்து எவரும் நம்பிக்கை வைத்துவிடக் கூடாது.

முதுகில் டைட்டேனியம் பொருத்திக்கொண்ட அபிலாஷ் டோமி மறுபடியும் நடக்கப் பழகி, மறுபடியும் கடலுக்கு வந்தார். 2022 பந்தயத்துக்கு இந்த முறை அவர் தேர்ந்தெடுத்ததும் ரஸ்லர் 36தான். பயானத் என்று பெயர். சுஹைலி மரபின் மேலுள்ள பாசம் ஒருபுறம் இருக்க, பட்ட அனுபவத்தை வைத்து மறுமுடிவு எடுத்த அந்தத் தெளிவு போற்றத்தக்கது. பதினாறு பேர் புறப்பட்ட அந்தப் பந்தயத்தை விதிப்படி முழுதாக முடித்தவர்கள் மூன்றே பேர். தென்னாப்பிரிக்காவின் கிர்ஸ்டன் நோய்ஷாஃபர் முதலாவது. அபிலாஷ் இரண்டாவது, 2023 ஏப்ரல் 29 அன்று 236 நாளில் கரைசேர்ந்தார். வழியில் அவருடைய படகில் உடையாத பொருள் குறைவு. மனிதக் கை இல்லாமல் காற்றின் திசையைக் கொண்டே படகை நேராக ஓட்டும் கருவி உடைந்தபோது, கழிவறைக் கதவுப் பலகையை அறுத்து அதற்குத் துடுப்பு செய்துகொண்டார். கதவு இருந்தது, ரம்பம் இருந்தது, செய்யத் தெரிந்தது.

இந்தப் பேச்சின் மையம் இதுதான். நெடும்பயணத்தில் எல்லாம் உடையும். எது உடைந்தால் கையால் சரிசெய்ய முடியும், எது உடைந்தால் முடியாது என்று பிரித்துப் பார்த்து, முடியாதவை மிகக் குறைவாக உள்ள படகைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மின்பொத்தானை அமுக்கினால் சுருளும் பாய் அழகானதுதான். மின்சாரம் போன இரவில் அது சுருளாது. கயிறும் கப்பியும் எப்போதும் வேலை செய்யும்.

வசதி படைத்தோர் தவிர மற்ற எல்லோரும் வாங்கப்போவது பழைய படகாகத்தான் இருக்கும். அதை எப்படிப் பார்ப்பது? ஃபைபர் படகென்றால் சிறு மரச்சுத்தியலை எடுத்துக்கொண்டு மேல்தளத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இடத்தில் ‘டக் டக்’ என்று கூர்மையாகக் கேட்கும். இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே வைத்த மரமோ நுரையோ தண்ணீர் குடித்து ஊறியிருந்தால் ‘தொப் தொப்’ என்று மங்கிக் கேட்கும். கம்பிப்பிடிகள், கப்பிகள் திருகிய இடங்களைச் சுற்றித்தான் பெரும்பாலும் அந்த மங்கல் சத்தம் வரும். தண்ணீர் அந்தத் துளைகள் வழியாகத்தான் இறங்கும். அடுத்து, பாய்மரத்தைத் தாங்கும் எவர்சில்வர் கம்பிகள். கம்பியை ஒரு துணியால் மேலிருந்து கீழே துடைக்க வேண்டும். துணி எங்காவது சிக்கி நூல் பிரிந்தால் அங்கே ஓர் இழை அறுந்திருக்கிறது. கம்பி குழாய்முனைக்குள் நுழையும் இடத்தில் பழுப்புக் கறை தெரிந்தால், உள்ளே காற்றுப் புகாத இடத்தில் துரு அரிக்கிறது என்று பொருள். எவர்சில்வர் துருப்பிடிக்காது என்பது சமையலறைக்குச் சரி, உப்புநீருக்குச் சரியல்ல. அப்புறம் படகின் அடித்தொட்டி. அங்கே தேங்கியிருக்கும் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். உப்பென்றால் உடலிலோ சுக்கான்தண்டிலோ கசிவு. உப்பில்லை என்றால் மழைநீர் மேலிருந்து இறங்குகிறது, அல்லது குடிநீர்த் தொட்டி ஒழுகுகிறது. எண்ணெய் வாடை வந்தால் எஞ்சினைப் பார்க்க வேண்டும். வண்ணம் புதிதாகப் பளபளக்கும் படகை இரண்டு மடங்கு சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது.

உடலின் அடிப்பக்கத்துக்குப் பூசும் பூச்சும் சின்ன விஷயமல்ல. 2018 பந்தயத்தில் ஃபின்லாந்தின் டாபியோ லெஹ்டினெனுடைய படகின் அடியில் ஓடுள்ள சிறு கடலுயிரிகள் அடர்ந்து ஒட்டிக்கொண்டன. வென்றவர் 211 நாளில் முடித்த தூரத்துக்கு அவருக்கு 322 நாளாயிற்று. காசிமேட்டில் படகைக் கரையேற்றி அடியைச் சுரண்டுகிற எவருக்கும் இது விளங்கும்.

எந்தப் பொருளில் செய்த படகு என்பதையும் இதே கையறிவை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மரம் அழகு, ஆனால் ஓயாத பராமரிப்பு. எஃகு உறுதியானது, மோதினால் நசுங்குமே தவிரக் கிழியாது. பெர்னார்டு மொயதெசியே 1968 பந்தயத்தில் ஓட்டிச் சென்ற ஜோஷுவா எஃகுப் படகுதான். துருவோடு தினம் போராட வேண்டும்; ஆனால் உலகின் எந்தத் துறைமுகத்திலும் வெல்டர் கிடைப்பார். ஃபைபர் துருப்பிடிக்காது, உளுக்காது, பழுதையும் கண்ணாடியிழைப் பாயும் ரெசினும் கொண்டு அடைத்துவிடலாம். 2004 சுனாமிக்குப் பிறகு தமிழகக் கரை முழுவதும் ஃபைபர் படகு பெருகியதால் அந்தக் கைவேலை இன்று நம் ஊரில் பரவலாகத் தெரிந்த வேலை. இங்கிருந்து புறப்படுகிறவருக்கு ஃபைபர்தான் ஏற்றது என்பது இந்தப் பேச்சின் துணிந்த கருத்து.

இரட்டையுடல் படகைப் பற்றி ஒருவர் கட்டாயம் கேட்பார். அகலம் அதிகம், சாயாது, ஆழமில்லாத இடத்திலும் நிற்கும், குடும்பத்தோடு வெப்பக் கடல்களில் போகிறவர்களுக்கு மிக வசதி. ஆனால் அதில் ஈய எடை இல்லை. ஒருமுறை முழுதாகக் கவிழ்ந்தால் நடுக்கடலில் அது நிமிராது. சுமை அதிகமானால் அதன் நல்ல குணங்கள் எல்லாம் போய்விடும்.

சுமைக் கணக்கையும் இங்கேயே பார்த்துவிடலாம். ஒருவருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளைக்கு நாலு லிட்டர் தண்ணீர் என்று வைத்தால், இருவருக்கு 60 நாளைக்கு 480 லிட்டர். கிட்டத்தட்ட அரை டன். அரிசி, பருப்பு, எண்ணெய், எரிவாயு, கருவிகள், மாற்றுப் பாய்கள் அதற்கு மேல். மெல்லிய பந்தயப் படகு இந்தப் பாரத்தில் அமிழ்ந்து வேகமிழக்கும். நெடும்பயணத்துக்கென்று வடிவமைத்த கனமான படகு அதைப் பொருட்படுத்தாது.

நம் நாட்டில் இந்தக் கணக்கையெல்லாம் சரியாகப் போட்டுக் கட்டிய படகு மாதே. மரச்சட்டங்களை ஒட்டி உள்ளும் புறமும் ஃபைபர் போர்த்திய 56 அடி உடல். டோங்கா 56 என்ற டச்சு வடிவமைப்பு. கோவாவில் ரத்னாகர் தாண்டேகரின் பட்டறையில் உருவாகி 2009 பிப்ரவரியில் நீரில் இறங்கியது. அது கட்டப்படும்போது கடற்படை அதிகாரி திலீப் தோண்டே பட்டறையிலேயே கூட இருந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் புறப்பட்டு, 2010 மே மாதம் தனியாக உலகைச் சுற்றிய முதல் இந்தியர் ஆனார். 2012 நவம்பரிலிருந்து 2013 மார்ச் இறுதி வரை அபிலாஷ் டோமி அதே படகில் எங்கும் நிற்காமல் சுற்றிவந்தார். மாதேயின் தங்கைப் படகு தாரிணி 2017இல் கடற்படையில் சேர்ந்தது. அதில் 2017–18இல் ஆறு பெண் அதிகாரிகள் உலகைச் சுற்றினார்கள். பிறகு 2024 அக்டோபர் 2 அன்று இருவர் மட்டும் கோவாவிலிருந்து புறப்பட்டார்கள்: கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும், புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும். ஃபிரிமாண்டில், லிட்டில்டன், போர்ட் ஸ்டான்லி, கேப் டவுன் என்று நான்கே நிறுத்தங்கள். ஹார்ன் முனையைப் பாய்விரித்துச் சுற்றி, 2025 மே மாத இறுதியில் கோவா திரும்பினார்கள். 56 அடிப் படகை இரண்டு பேர் கையாண்டது பல ஆண்டுப் பயிற்சியின் பயன். பின்னால் கடற்படை இருந்தது. தனி மனிதர் அந்த அளவுக்கு ஆசைப்பட வேண்டியதில்லை. ஆனால் புதுச்சேரிப் பெண் ஒருவர் தென்கடலைக் கடந்திருக்கிறார் என்பது வடசென்னைப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

அந்தப் பிள்ளைகள் எங்கே போய்ப் பாய் விரிக்கக் கற்பார்கள்? சென்னைத் துறைமுகத்துக்குள் 1911இல் பிரான்சிஸ் ஸ்பிரிங் தொடங்கிவைத்த ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இன்றும் இருக்கிறது. சென்னையின் நேத்ரா குமணன் டோக்கியோ, பாரிஸ் என இரண்டு ஒலிம்பிக் போட்டிகளில் பாய்மரப் படகோட்டியிருக்கிறார். வேலூரின் விஷ்ணு சரவணனும் அப்படியே. திறமை இந்த மண்ணில் இருக்கிறது. ஆனால் துறைமுக வேலிக்கு வெளியே வாழும் ராயபுரம், தண்டையார்பேட்டை, கொடுங்கையூர் பிள்ளைகளுக்குப் பாய்மரப் படகு இன்னும் தொலைவில்தான் இருக்கிறது. கடலைப் பார்த்தே வளர்கிறவர்கள், ஃபைபர் ஒட்டத் தெரிந்தவர்களின் வீட்டில் பிறந்தவர்கள், காற்றில் ஓடும் படகைக் கையில் பிடித்துப் பார்த்ததே இல்லை என்பது பெரிய குறை.

எனவே ஒரு கோரிக்கையோடு இந்தப் பேச்சு நிறைகிறது. திருவொற்றியூர் குப்பத்துச் சூரை மீன்பிடித் துறைமுகத்தில், மீனவர் வேலைக்கு இடைஞ்சல் இல்லாத ஒரு மூலையில், ஒரு மிதவைத் துறையும் சில சிறு பாய்மரப் படகுகளும் வைத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் பயிற்சி தரலாம். படகுகளை வெளியூரிலிருந்து வாங்க வேண்டாம். காசிமேட்டுப் பட்டறைகளிலேயே வார்க்கலாம். மீன்வளத் துறையும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் மனம்வைத்தால் ஆகக்கூடிய காரியம். இங்கே வந்திருப்பவர்கள் அடுத்த வார்டு கூட்டத்தில் இந்தக் கோரிக்கையை எழுத்துமூலம் கொடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.